முதல் விசா படிவத்திலேயே தொடங்கிவிடும் பிஆர் விண்ணப்பம்

வேலூரிலும் காட்பாடியிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் அலுவலகங்களுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, "முதலில் ஸ்டூடண்ட் விசாவில் போய்ச் சேர்ந்துவிடுங்கள், பிஆரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. பிஆர் என்பது அந்த நாட்டிலேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமை. கனடாவைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை. அங்கே படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற, மதிப்பெண் பார்த்து பிஆருக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையில் தனி மதிப்பெண்கள் உண்டு. திறன்சார்ந்த வேலையில் அங்கே ஓராண்டு அனுபவம் பெற்றவர்களுக்கென்று கனடிய அனுபவப் பிரிவு என்ற தனிப் பிரிவும் உண்டு. ஆனால் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. தற்காலிக விசாவுக்காக இன்று நிரப்புகிற படிவம், நாலைந்து ஆண்டுகள் கழித்து பிஆர் கோப்பைப் பார்க்கிற அதிகாரியின் முன்னால் அப்படியே இருக்கும். செவிலியரான என் தங்கை ஸ்டடி பெர்மிட் என்ற படிப்பு அனுமதியில் சென்று நிரந்தர வசிப்புரிமை பெறும் வரைக்கும் இங்கிருந்த அவளுடைய காகிதங்களை எல்லாம் திரட்டிக் கொடுத்தவன் என்ற முறையில், இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பலரும் முதலில் கேட்பது, "பிஆர் வாங்கும் எண்ணம் இருப்பதை ஸ்டூடண்ட் விசாவில் மறைக்க வேண்டுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பதாலேயே ஒருவருக்குத் தற்காலிக அனுமதியை மறுக்க வேண்டியதில்லை என்று கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை, அனுமதித்த காலம் முடியும்போது, வேறு உரிமை எதுவும் கிடைக்காவிட்டால், அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும் என்பது. ஆகவே, படிப்பு முடிந்த மறுநாளே ஊர் திரும்பிவிடுவேன் என்று நம்ப முடியாத ஒரு கதையை எழுதிக் கொடுப்பதைவிட, ஏன் இந்தப் படிப்பு, இதற்குமுன் செய்த வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, பணம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை உள்ளபடி எழுதுவதே பின்னாளில் நம்மைக் காப்பாற்றும்.

அமெரிக்காவின் நிலைமை வேறு. எஃப்-1 மாணவர் விசாவுக்குப் போகிறவர் குடியேறும் எண்ணம் தமக்கு இல்லை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதில் தவறுகிறவர்களைத்தான் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) என்ற பிரிவின் கீழ் திருப்பி அனுப்புகிறார்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு நாட்டுக்குச் சரியான பதிலை இன்னொரு நாட்டின் படிவத்தில் அப்படியே எடுத்து எழுதக் கூடாது.

அந்த 214(பி) மறுப்பு கனடா விண்ணப்பத்துக்குள்ளும் வந்து சேர்வதைச் சென்ற ஆண்டு நேரிலேயே பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கும் அத்தை ஒருவர், மகளுடைய கனடா படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு எதிரே, ஏஜென்ட் 'இல்லை' என்று குறித்திருந்தார். அந்தப் பெண்ணுக்கோ அமெரிக்க விசா முன்பே மறுக்கப்பட்டிருந்தது. "இன்னாப்பா, ரிஜெக்ட் ஆனத நாமளே எழுதிக் குடுத்தா, இதுவும் ரிஜெக்ட் ஆயிடாதா?" என்று அத்தை கவலையோடு கேட்டார். "மறைச்சாதான் அத்தை ஆபத்து, இருக்குறத இருக்குறபடியே எழுதச் சொல்லுங்க" என்றேன். வேறு நாட்டின் மறுப்பு ஒன்றே கனடா விண்ணப்பத்தைக் கெடுத்துவிடாது. எந்த ஆண்டு, எந்த விசா, என்ன காரணம் என்று நான்கு வரி எழுதி, மறுப்புக் கடிதத்தின் நகலையும் சேர்த்தால் போதும். ஆனால் 'இல்லை' என்று எழுதியது தெரிய வந்தால், அது உண்மையைத் திரித்துக் கூறியதாகிவிடும். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் அந்நாட்டுக்குள் நுழையத் தகுதி இழப்பதோடு, அந்தக் காலத்தில் பிஆருக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. அமெரிக்காவும் கனடாவும் விசா விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதை அந்த ஏஜென்ட் அறியாதவராக இருக்க முடியாது. பொய்யான பதிலால் வரும் அந்த 5 ஆண்டுத் தடை விண்ணப்பித்த பெண்ணுக்குத்தான், படிவத்தை நிரப்பியவருக்கு அல்ல.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1988இல் ஆற்காட்டில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்த பிறகு அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது; அதன் பிறகு வேலூர் மாவட்டம் என்று ஆனது; 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆக, வீடு மாறாமலே அவருக்குப் பல மாவட்டங்கள் வந்துவிட்டன. ஸ்டடி பெர்மிட் படிவத்தில் வேலூர் என்றும் பிஆர் படிவத்தில் ராணிப்பேட்டை என்றும் எழுதினால், இரண்டும் ஒரே வீடு என்பது வெளிநாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிறந்த ஊரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களிலும் எழுதி, மாவட்டம் பிரிந்த விவரத்தை ஒரு விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது.

பெயரும் அப்படித்தான். அப்பாவின் பெயரை இனிஷியலாக மட்டும் வைத்திருக்கும் நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அப்படிப்பட்டவர்கள் கனடாவின் படிவத்தில் தங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுத வேண்டும். கல்லூரிச் சேர்க்கை முதல் வங்கிக் கணக்கு வரை அதே வடிவத்தைக் கடைப்பிடிக்காவிட்டால், கடைசியில் இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைய நேரிடும்.

வேலை விவரத்திலும் இதே கவனம் தேவை. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர், விசாவுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று 'மேலாளர்' என்று எழுதிவிடுகிறார். பிஆருக்கு அனுபவ மதிப்பெண் கேட்கும்போது, கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் அனைத்தும் அடங்கிய கடிதம் தேவைப்படும். கம்பெனி உள்ளதைத்தான் எழுதித் தரும். அப்போது முதல் படிவம் அவருக்கே எதிர்ச் சாட்சியாகிவிடும்.

கனடாவில் இறங்கிய பிறகு கவனிக்க வேண்டியவையும் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா உள்ளே நுழைவதற்கு. அங்கே தங்குவதற்கான உரிமை பெர்மிட்டில் உள்ள தேதியைப் பொறுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்டுவிட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனைகளின்படி அங்கேயே இருக்கலாம். தேதி கடந்துவிட்டால், நிலையை மீட்டுத் தரும்படி கேட்க 90 நாட்கள்தான் உண்டு, அந்த இடைவெளியில் வேலை பார்க்கக் கூடாது. முழுநேர மாணவராக இருந்தபடி பார்த்த வேலை, கனடிய அனுபவப் பிரிவின் ஓராண்டுக் கணக்கில் சேராது. 2024 நவம்பர் முதல் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் என்றிருக்கும் வரம்பை, விடுமுறை அல்லாத நாட்களில் மீறினால், நிபந்தனையை மீறிய குறிப்பு கோப்பில் ஏறிவிடும். படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி அதைத் தர மாட்டார்கள் என்பதால், புறப்படும் முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது பின்னால் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும். பிஆர் விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்ட பிறகு, பெர்மிட் முடியப்போகிறவர்களுக்கு இடைக்கால ஒர்க் பெர்மிட் கேட்கும் வழி இருக்கிறது; பெர்மிட்டைத் தவறவிடாமல் காத்து வந்தவர்களுக்குத்தான் அது எளிதில் உதவும்.

என் தங்கைக்கு பிஆருக்கு விண்ணப்பிக்கும்படி அழைப்பு வந்தபோது, எல்லா ஆவணங்களையும் சேர்க்க 60 நாட்கள்தான் கொடுத்தார்கள். தொடர்ந்து 6 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளின் காவல் துறைச் சான்றிதழும், கடந்த 10 ஆண்டுகளின் வேலை, முகவரி விவரங்கள் ஒரு மாதம்கூட விடுபடாமலும் வேண்டும். ஸ்டடி பெர்மிட்டுக்கு அனுப்பிய படிவங்களின் நகலை அவள் வைத்திருந்ததால், "அண்ணா, அதுல என்ன தேதி போட்டோம்?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்பினோம். நகலைக் கையில் தராத ஏஜென்ட்டிடம் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பிஆர் கிடைத்த பிறகும் தற்காலிக விசாவில் கழித்த நாட்கள் வீணாவதில்லை. குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் மாணவராகவோ ஊழியராகவோ முறையான அனுமதியோடு இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, அதிகபட்சம் 365 நாட்கள் வரை சேரும். ஊருக்கு வந்துபோன பயணங்களை அதில் கழிக்க வேண்டியிருப்பதால், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல், முத்திரைத் தேதிகளை அவ்வப்போது குறித்து வைத்திருங்கள்.