மாங்குளத்து மஸ்டாவும் மூன்றாம் சிலிண்டரும்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை பிடிக்க முடியாமல் ஏறியிருந்த காலம் அது. அதனால் மாங்குளத்தில் ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 விலைக்கு நிற்கிறது என்று மச்சான் சொன்னபோதே, என்ஜினைப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். 1.6 லீட்டர் என்ஜின், இரண்டே இருக்கை, மடிக்கிற கூரை. எங்கள் கிரவல் ஒழுங்கையில் வயிறு உரசும். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

உரிமையாளரும் நானும் காரைக் கிளிநொச்சிக்கு ஓட்டிவந்தோம். வழியில் முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். அந்த ஓட்டம் சோதனைக்கும் நல்லது. என்ஜின் சூடேறியிருந்தால்தான் கம்பிரஷன் அளவை, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்பதை, நம்பலாம்.

கராஜ் அண்ணை உழவு இயந்திரங்களோடு வாழ்கிறவர். போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த கை. அவரிடம் இருந்த, அந்த அமுக்கத்தை அளக்கும் கேஜ் டீசலுக்கானது, 1000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும். அதைப் பெற்றோல் என்ஜினில் பூட்டினால் முள் அடியிலேயே கிடந்து ஆடும். பத்து, இருபது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 300 வரை காட்டுகிற, பிளக் துளையில் முறுக்கிப் பூட்டும் கேஜ் ஒன்றை வவுனியாவிலிருந்து முதல்நாளே பஸ்ஸில் எடுப்பித்திருந்தார்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் ஆறவிட்டு நான்கையும் கழற்றினார். கொயிலின் சொக்கெட்டையும் இன்ஜெக்டர் சொக்கெட்டுகளையும் பிடுங்கினார். இல்லாவிட்டால் பெற்றோல் தெளிக்கும், பொறியும் பறக்கும். சாவியைத் திருப்புவது என் வேலை.

முதல் சுற்று: 118, 120, 84, 119. எனக்கு முகம் விழுந்துவிட்டது. நாலும் போய்விட்டதா? அண்ணை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, கால் எங்கை இருக்கு? அக்சிலேட்டரை அடிமட்டும் மிதியும். வாயைப் பொத்திவைச்சு மூச்சு விடச் சொன்னா என்ஜின் என்ன செய்யும்?”

திறொட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே போகாது, பிறகு எதை அமுக்குவது? பக்கத்தில் நின்ற உழவு இயந்திரத்தின் பற்றரியிலிருந்தும் வயர் கொடுத்து, மறுபடி சுற்றினோம். 172, 170, 121, 168. மற்ற மூன்றிலும் முள் முதல் அடியிலேயே துள்ளி ஏறியது. மூன்றாவதில் தயங்கித் தயங்கி ஏறி நின்றுவிட்டது. சிலிண்டர்களுக்கிடையில் 28 பிஎஸ்ஐ வரைதான் வித்தியாசம் இருக்கலாம் என்கிறது இந்த என்ஜினின் கையேடு. இங்கே ஐம்பதுக்குக் கிட்ட.

அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தார். பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும். ஏறியது நாலே நாலு: 125. அப்போ றிங் இல்லை, வால்வு. அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கெட். கஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவே போயிருந்தால் பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருக்கும் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணை விடவில்லை. பிஸ்டன் ஏறுவது தெரிய, சோடா குடிக்கும் குழாய் ஒன்றைத் துளைக்குள் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, இரண்டு பக்க வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க, பக்கத்து ரயர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துப் பூட்டினார். கிராங்க் சுழலாமல் நான் ஸ்பானரால் பிடித்துக்கொண்டேன். றிங் வழியாகக் கசிந்தால் கேட்கும் என்று ஒயில் மூடியைத் திறந்து காதை வைத்தார், பெரிதாக ஒன்றுமில்லை. கஸ்கெட் போயிருந்தால் வரும் குமிழி றேடியேற்றரில் இல்லை. பிறகு பின்பக்கம் போய்க் குந்தி, பத்திரிகைத் தாளில் ஒரு கீற்றைக் கிழித்து சைலன்சர் வாயில் பிடித்தார். கீற்று படபடவென்று ஆடியது.

“எக்ஸோஸ்ட் வால்வு. புகையை வெளியிலை விடுற வால்வு.”

உரிமையாளரும் அதைக் குந்தியிருந்து பார்த்தார். பிறகு பேரம் பேச அதிகம் இருக்கவில்லை. ஹெட் வேலைக்கான செலவைக் கழித்துக்கொண்டார், வாங்கினேன். ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாம் சிலிண்டரின் இரண்டு எக்ஸோஸ்ட் வால்வுகளில் ஒன்றின் ஓரம், எலி கடித்த வடை மாதிரி எரிந்து போயிருந்தது. புது வால்வு போட்டு, அது போய் அமரும் வளையத்தோடு அரைத்துப் பூட்டிய பிறகு அளந்தால் 169.

கேஜ் இன்னும் வவுனியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கராஜுக்கு வருகிற பெற்றோல் கார் எல்லாவற்றையும் அண்ணை அளந்துகொண்டிருக்கிறார், ஒயில் மாற்ற வந்தவர்களுடையதையும் சேர்த்து.