இரும்புக்கை மாயாவியின் எஃகுக் கை: ஃபோமில் செய்து பார்த்தது

2024 பிப்ரவரியில் சென்னையில் முதல் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்ததிலிருந்து காஸ்ப்ளே, அதாவது கதைப் பாத்திரங்களைப்போல் வேடமிடுவது, பற்றிய பேச்சு இங்கேயும் கூடியிருக்கிறது. போடும் வேடங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஜப்பானியப் பாத்திரங்கள்தான். தமிழ் காமிக்ஸ் வாசகருக்கு அவற்றைவிட நெருக்கமானவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தோன்றி, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கோடுகளில் வளர்ந்து, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தவர். வலது கை போய் அந்த இடத்தில் எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் மறையாது.

ஆகவே செய்ய வேண்டியது ஒரே பொருள். கோட்டும் சட்டையும் வீட்டிலேயே இருக்கும். ஆனால் அந்த ஒரு பொருள் மடங்கியாக வேண்டும். பார்வைக்கு எவ்வளவு எஃகாக இருந்தாலும், விரல் விறைத்து நின்றால் மாயாவி வரமாட்டார். அதனால் அளவு, வெட்டு, பசை, வண்ணம் எல்லாவற்றையும் விரல் மடங்குவதை வைத்தே முடிவு செய்தோம்.

தேவையானவை: கையை ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய கறுப்பு நைலான் கையுறை, விரல்களுக்கு 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் (ரப்பர்போல் வளையும் மென்மையான தாள்), புறங்கைக்கும் முன்கைக்கும் 5 மி.மீ. ஃபோம், சிந்தெடிக் ரப்பர் பசை, கட்டர், ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), 25 மி.மீ. வெல்க்ரோ. ஸ்டேஷனரிக் கடையில் கைவேலைக்கு விற்கும் 2 மி.மீ. ஃபோம் தாள் விரலுக்குப் போதும். 5 மி.மீ. ஃபோமைச் செருப்புத் தொழிலுக்கான பொருள் விற்கும் கடையில் வாங்குவது நல்லது. அது அடர்த்தியானது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்காது. பொட்டலம் கட்டும் வெள்ளை ஃபோம் வேண்டாம். அது வேறு பொருள், ஹீட் கன் பட்டதும் சுருண்டு போகும்.

அளவெடுக்கக் கையுறையை மாட்டி, மேலே கிளிங் ஃபிலிம் (உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கணுக்களை மார்க்கரால் குறித்து, உள்ளங்கைப் பக்கம் வெட்டி உரித்தோம். நான்கு விரலுக்கு மும்மூன்று, கட்டை விரலுக்கு இரண்டு, ஆக 14 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் விரலின் மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் மட்டும் மூடும், அடிப்பக்கம் திறந்தே இருக்கும். முழு வளையமாகச் செய்தால் மடக்கும்போது அடியில் ஃபோமும் ஃபோமும் இடித்துக்கொள்ளும், பாதி மடங்கியதும் விரல் நின்றுவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. 2 மி.மீ. ஃபோமை விரலைச் சுற்றி வளைக்கும்போது முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. கூடுதலாகப் பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு சுற்றும் துண்டுக்கு 4 மி.மீ. சேர்த்து வெட்ட வேண்டும்.

முதல் தொகுப்பு வீணானது நீளத்தில்தான். விரலை நீட்டி அளந்து, துண்டுகளை 5 மி.மீ. மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டியிருந்தோம். கையை மூடியதும் ஒவ்வொரு நடுக்கணுவிலும் கறுப்புத் துணி எட்டிப் பார்த்தது. விரல் மடங்கும்போது அதன் மேற்புறம் நீள்கிறது. நடுக்கணுவில் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். கையை மூடிய நிலையில் அளந்து, இரண்டாவது தொகுப்பில் நடுக்கணுவுக்கு 14 மி.மீ., நுனிக்கணுவுக்கு 8 மி.மீ. ஏற்றம் வைத்தோம். துணி மறைந்தது.

எது மேலே, எது கீழே என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மீன் செதிலை நினைத்தால் குழப்பம் வராது: விரல் நுனி தலை, மணிக்கட்டு வால். துண்டுகளின் திறந்த விளிம்பு மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். மாற்றி ஒட்டினால் கோட்டுக்குள் கையை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பு உள்துணியில் மாட்டும், இரண்டு மூன்று முறையில் துண்டு பிய்ந்துவிடும்.

வெட்டும்போது கட்டரை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் இரண்டு மூன்று இழுப்பில் வெட்ட வேண்டும். விளிம்பு பிசிறடித்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு முனையை உடைத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். இந்த ஒரு கைக்கே பத்துப் பன்னிரண்டு முனைகள் செலவாகும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வெட்டிய பின் உப்புத்தாளால் ஓரத்தை லேசாகத் தேய்த்து ஹீட் கன் காட்டினால் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி, மெல்லிய பளபளப்பு வரும். 2 மி.மீ. ஃபோமுக்கு ஒரு சாண் தூரத்தில் மூன்று நான்கு நொடி போதும். சூடு ஆறுமுன் தடித்த மார்க்கர் பேனாவின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தால் விரல் வளைவு நிலைக்கும். இணைப்புக் கோடுகளைச் சூடு காட்டுமுன்பே பிளேடால் அரை ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். சூடு பட்டதும் கீறல் தானே வாய் திறந்து, தகடுகள் சேரும் இடம்போல் தெரியும். இந்த வேலையில் மிகவும் திருப்தி தரும் கணம் அதுதான். தகடுகளில் அறைந்த ஆணித் தலைபோல் தெரிய ஆரி வேலைக் கடையில் கிடைக்கும் 4 மி.மீ. அரை முத்துகள்.

பசையில்தான் நம் ஊர்க் காற்று விளையாடுகிறது. இந்த வகைப் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டுச் சேர்க்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படிகிறது. ஒட்டியதுபோல் இருக்கும், மறுநாள் தோல்போல் உரிந்து வரும். சேர்க்குமுன் ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டியதும் இந்தத் தொல்லை நின்றது. ஹேர் டிரையரை எடுப்பது ஜன்னல்களைத் திறந்து ஆவி முழுவதும் போன பிறகுதான், பசை டப்பாவையும் மூடி அப்பால் வைத்துவிட வேண்டும். பசையின் ஆவி தீப்பற்றும்; அறையில் ஊதுபத்தியோ கொசுவத்திச் சுருளோ எரியவே கூடாது.

துண்டுகளைக் கையுறை மேல் ஒட்டும்போது முழுப் பரப்பிலும் பசை பூசினால் துணியின் இழுவை போய்விடும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் 6 மி.மீ. பட்டை மட்டும் பசை. கையுறை கையில் இருக்க, விரல்கள் பாதி மடங்கிய நிலையில் ஒட்ட வேண்டும். பசை துணியில் ஊறித் தோலைத் தொடும் என்பதால் அடியில் பாலித்தீன் கையுறை அவசியம். ரப்பர் கையுறையைக் கரைப்பான் உப்ப வைத்துவிடும். க்ளூ கன் பசை விரைவாக ஒட்டும், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும் என்பதால் தொடவில்லை.

புறங்கைத் தகடு ஒன்று, அதன் கீழே மணிக்கட்டில் 15 மி.மீ. அகல வளையங்கள் மூன்று, பிறகு முழங்கைப் பக்கம் விரியும் உறை. உறையின் உட்பக்கத் திறப்பில் வெல்க்ரோ. இவற்றில் சொல்லும்படியான சிக்கல் இல்லை.

வண்ணத்துக்கு முன் ஃபோமை மூட வேண்டும். வெள்ளை ஃபெவிகாலை நீர் கலந்து பல பூச்சு பூசும் வழக்கம் உண்டு. அசையாத பாகத்துக்கு அது சரி, விரலில் வெடிக்கும், வியர்வை ஈரத்தில் பிசுபிசுக்கும். ரப்பர்போல் காயும் பிளாஸ்டி டிப் ஸ்ப்ரே நான்கு மெல்லிய பூச்சு அடித்தது மடக்க மடக்க வெடிக்காமல் இருக்கிறது.

குரோம் ஸ்ப்ரே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம். அதன் மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு அடித்தால் பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும், அடிக்காவிட்டால் கைபட்ட இடமெல்லாம் உதிரும். அதைவிட முக்கியமான காரணம், நாம் அந்தக் கையைப் படித்தது கறுப்பு வெள்ளையில். அங்கே எஃகு என்பது கரிய நிழலும் அதன் நடுவே ஓடும் வெள்ளைக் கீற்றும்தான். எனவே கறுப்பு அக்ரிலிக் பூசி, காய்ந்த பின் பென்சில் கிராஃபைட் தூளைப் பழைய பனியன் துணியால் தேய்த்து ஏற்றினோம். கணுக்களின் மேல் மட்டும் வெள்ளி அக்ரிலிக்கை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தடவி, விரலிடுக்குகளைக் கறுப்பாகவே விட்டோம். கடைசியாக ஒரே ஒரு மெல்லிய கிளியர் கோட். அது இல்லாவிட்டால் கிராஃபைட் வெள்ளைச் சட்டைக் கையில் ஒட்டும்.

விழா நாளில் கையுறைக்குள் முதலில் டால்கம் பவுடர். கழற்றும்போது விரல் நுனியைப் பிடித்து இழுத்தால் நுனித் துண்டுகள்தான் முதலில் போகும். வெல்க்ரோவைத் திறந்து, மணிக்கட்டிலிருந்து சுருட்டிக் கழற்ற வேண்டும். நுழைவுச் சீட்டு இருக்கும் போனை இடது பக்கப் பையில் வையுங்கள். இரும்பு விரலுக்குத் தொடுதிரை அசையாது.

படம் எடுக்க ஒரு வழி. தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, முகத்தையும் கறுப்புத் துணியால் மூடி, கறுப்புத் திரை முன்னால் நின்று, பக்கவாட்டிலிருந்து ஒரே விளக்கைக் கைமேல் மட்டும் விழச் செய்து, போன் கேமராவின் வெளிச்ச அளவை நன்றாகக் குறைக்க வேண்டும். உடம்பு இருட்டில் கரைந்து போகும். ஒரு எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்து, விரல்களை மெல்ல மடக்கும்.