கைராசியைத் தாண்டி

நம் ஊர்களில் ஒரு மருத்துவரைப் புகழ வேண்டுமென்றால் ‘கைராசிக்காரர்’ என்று சொல்லிவிடுவார்கள். கையை மட்டும் பார்த்திருந்தால், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியிடம் யாரும் கண்ணைக் காட்டியிருக்க மாட்டார்கள். இளம் வயதில் தாக்கிய கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியிருந்தது. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் படித்த அவர், அதே விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார்.

எல்லோரும் வியப்பது இந்த விடாமுயற்சியைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரை உள்ளவர்களுக்கு அறுவை இலவசம் என்று சொல்லியும், பலர் மருத்துவமனைக்கு வரவேயில்லை. அறியாத சனங்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, கத்தி என்றாலே வரும் பயம் எல்லாம் தெரிய வந்தன. முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துச் சென்று, சாப்பாடும் போட்டு, ஊரில் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு அப்படித்தான் உருவானது. பத்துப் பேர் சேர்ந்து போகும்போது பயமும் பாதி குறைந்துவிடுமல்லவா?

இதே குணத்தை நான் அருகிலிருந்து பார்த்தது என் ஆச்சியின் அறுவைக்குப் பிறகு. சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர், “இதை யார் போட்டுவிடுவாங்க, ஆச்சி?” என்று கேட்டார். “நான்தான் போட்டுக்கிடணும்” என்றாள். போட்டுக் காட்டச் சொன்னார். கை நடுங்கி, மருந்து கன்னத்தில் வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை மறுநாள் வரவழைத்து, கீழிமையை இழுத்துச் சொட்டு விடுவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அறுவையை எத்தனையோ பேர் நன்றாகச் செய்வார்கள். மருந்துச் சீட்டு வீட்டுக்குப் போனபின் என்ன ஆகும் என்று யோசிப்பவரையே நான் நல்ல மருத்துவர் என்பேன்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிக் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் மருத்துவரே கேட்க வேண்டியதில்லை. அரவிந்தில் கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து, கண் பரிசோதனை முதல் நோயாளியிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்வது வரை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.