கால்விரல் ஆபரேஷன்: கம்பி இருக்கும்போதும் எடுத்த பிறகும்

சென்னையில மழைத் தண்ணி தேங்குற வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இருக்கிறவங்க, மடங்கின கால்விரலுக்கு ஆபரேஷன் தேதி நவம்பர்ல விழுந்தா, அவசரம் இல்லைன்னா தள்ளிக் கேளுங்க. நடு மூட்டுல எலும்பைக் கொஞ்சம் வெட்டி, விரல் நுனி வழியா மெல்லிசான கம்பி செலுத்துவாங்க. வழக்கமா 4 முதல் 6 வாரம் அதன் முனை வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். தெருவுல தேங்கின தண்ணி அதுல பட்டா, கிருமி கம்பியோடவே எலும்பு வரைக்கும் போகலாம்.

முதல் நாள் பார்க்க வேண்டியது நிறம். வருஷக்கணக்கா மடங்கிக் கிடந்த விரலைச் சட்டுனு நிமிர்த்தினா ரத்தக்குழாய் இழுபட்டுச் சுருங்கும். வெளுத்தோ நீலமாவோ இருந்தா உடனே சொல்லணும். கட்டைத் தளர்த்திப் பார்ப்பாங்க. தேறலைன்னா கம்பியையே உருவிடுவாங்க. கோணல் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, விரல் மிஞ்சணும். சர்க்கரையோ பீடிப் பழக்கமோ இருந்தா, பாதத்துல ரத்த ஓட்டம் பார்க்காம கத்தி வைக்கவே கூடாது.

குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. இந்தியன் டாய்லெட்ல கம்பி வளையும், உடையவும் செய்யும். அடி வளையாத செருப்பு, குதிகால் நடை.

வீக்கம் வடிய 3 முதல் 6 மாசம், சிலருக்கு ஒரு வருஷம். எலும்பை ஒட்ட வெச்ச மூட்டு அப்புறம் மடங்காது. திட்டமே அதுதான் (இதை முன்னாடியே சொல்லாததாலதான் பாதிச் சண்டை). பாத எலும்பையும் சுருக்கியிருந்தா விரல் தரையைத் தொடாம தூக்கி நிக்கலாம். பெருவிரல் கோணலை விட்டுட்டு இரண்டாவது விரலை மட்டும் நிமிர்த்தினா, பெருவிரல் அதைத் திரும்பத் தள்ளும்.