மூன்றாவது தடவைதான் தேறியது: வீட்டுக்குள் குண்டு மிளகாய் நாற்று

ஆடி முதல் வாரத்தில் விதை ஊன்றினேன். நாற்று தொட்டிக்குப் போனது ஐப்பசி நடுவில். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று மாதத்துக்கு மேல் இழுத்துவிட்டது. இப்போது மாடியில் பதினெட்டுச் செடி நிற்கிறது. ஆனாலும் அந்த மூன்று மாத எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் பள்ளத்தூர். மொட்டை மாடியில் நாற்றுவிட எனக்குத் தைரியம் இல்லை. போன வருடம் இரண்டு தட்டுக் கத்தரி நாற்றை ஒரே காலையில் மயில்கள் கொத்தித் தீர்த்துவிட்டன. அதனால் இந்த முறை வீட்டுக்குள்ளேயே, வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணோரமாக வைத்து வளர்க்க முடிவு செய்தேன். குண்டு மிளகாய்தான் வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியபோது ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று எழுதினார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் குண்டுதான். நீள மிளகாய் போட்டுச் செய்த உப்புக்கறியை என் நாக்கு ஒப்புக்கொள்வதில்லை. மோர் மிளகாய்க்கும் பச்சைக் குண்டுதான் வேண்டும், அது நினைத்தபோது கிடைப்பதில்லை.

முதல் தவறு என்னுடையது. சமையலறை டப்பாவில் இருந்த வற்றலை உடைத்து நாற்பது விதை எடுத்துப் போட்டேன். இருபது நாள் காத்திருந்தேன். வந்தது மூன்று, அதிலும் ஒன்று நோஞ்சான். பிறகு யோசித்தால், அந்த வற்றல் ஒன்றரை வருடப் பழசு. இரண்டு சித்திரை வெயிலில் மாடித் தரையில் பரப்பிக் காயவைத்திருக்கிறேன். தரை கொதிக்கிற கொதிப்பில் வண்டு மட்டுமா சாகும், விதையின் உயிரும் போய்விடும். வற்றல் விதை முளைக்கவே முளைக்காது என்றில்லை. அந்த வருடத்துப் பழமாக இருந்து, நன்றாகச் சிவந்து பழுத்து, நிழலிலோ இளவெயிலிலோ காய்ந்திருந்தால் முளைக்கும். பழையதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

சரி, காசு கொடுத்தே வாங்குவோம் என்று காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு விதைக்கடை. பெயர் வேண்டாம். "குண்டு மிளகா விதையா, இந்தாங்க" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஊன்றிப் பன்னிரண்டு நாள் கழித்து எண்ணினால் ஐம்பதுக்கு ஒன்பது. மிளகாய் விதைக்குக் குறைந்தது 60 சதவீத முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பதுதான் விதைச் சான்றளிப்புத் தரம். சந்தேகம் வந்து பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டி எடுத்தேன். தேதி முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது!

மறுபடி பஸ். கடைக்காரர் பொட்டலத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "தண்ணி சரியா விட்டீங்களாம்மா? நீங்க பொட்டலத்தைப் பிரிச்சாச்சு, இனி நான் என்ன செய்ய முடியும்?" என்றார். பில் இல்லாமல் வாங்கியது என் தப்பு, அதனால் வாயடைத்து நின்றேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இனி யார் விதை வாங்கினாலும் கடையிலேயே நின்று மூன்றைப் பாருங்கள்: பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, முளைப்புச் சதவீதம். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் கணக்கு. சீட்டு ஒட்டி மறைத்திருந்தால் அங்கேயே உரித்துப் பார்த்துவிடுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒன்பதையாவது காப்பாற்றுவோம் என்று அதிகமாகவே சீராட்டிவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். ஈரம் போகக் கூடாதென்று மேலே பாலிதீன் மூடி வேறு. முளைக்கிற வரை மூடி நல்லது. முளை தலை தூக்கியதும் எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் நான்கு நாற்று தண்டடியில் நூல் போல இளைத்துச் சாய்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் எல்லாமே சாய்ந்துவிட்டது. இதுதான் நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை, தேங்கிய ஈரம், காற்றோட்டம் இல்லாத இடம், மூன்றும் சேர்ந்தால் ஒரே இரவில் வேலையை முடித்துவிடும். சாய்ந்ததைப் பிழைக்கவைக்க வழி இல்லை.

இதற்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை நல்லது, அரசாங்கத்தில் மானிய விலைக்குத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சிட்டா, அடங்கல் கொண்டு வந்திருக்கீங்களா?" தொட்டியில் வளர்க்கிறேன் சார், ஒரு கைப்பிடி போதும் என்றேன். "நிலம் இருந்தாத்தான் குடுக்க முடியும், பட்டாவாவது எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை வாங்க." வியாழக்கிழமை வீட்டுமனைப் பட்டா நகலோடு போய் முக்கால் மணி நேரம் நின்றேன். "இது நத்தம்ல, விவசாய நிலம் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். கடைசியில் தனியார் உரக்கடையில் முழு விலைக்கே வாங்கினேன். மாடித்தோட்டக்காரர்கள் நேரே அங்கே போய்விடுங்கள். வாங்கும்போது அதிலும் தேதி பாருங்கள், அது உயிருள்ள பொருள்.

விதைக்கு வழி காட்டியது வீட்டு வேலைக்கு உதவியாக வரும் அக்கா. "ஏன் ஆச்சி கடை கடையா அலையிறீங்க, எந் தங்கச்சிய ஆர்.எஸ். மங்கலம் பக்கந்தானே கட்டிக் குடுத்திருக்கு, அவுக கொல்லையே மொளகாக் கொல்லதான்" என்றார். அது ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். மூன்றாம் நாள் ஒரு துணி முடிச்சில் பன்னிரண்டு பழம் வந்தது. மாசியில் பறித்து, விதைக்கென்றே சாம்பல் போட்டுப் பானையில் வைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்தேன். எட்டாம் நாள் எட்டு முளைவிட்டிருந்தது. ஆடியில் இதைச் செய்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். முளைத்த எட்டையும் வீணாக்காமல் மற்ற விதைகளோடு சேர்த்து குழித்தட்டில் போட்டேன், குழிக்கு ஒன்று, அரை விரற்கடை ஆழம். தென்னை நார்க்கழிவுக் கட்டியை மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துகொண்டேன். அப்படியே போட்டால் அதிலிருக்கும் உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கும். மண்புழு உரத்தில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரப்பதத்தோடு வைத்திருந்து, அதையும் சேர்த்தேன். தண்ணீர் மேலே ஊற்றவில்லை. தட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கீழே ஊற்றினேன், அதுவும் மேல்பரப்பு வெளிறிய பிறகுதான். நம் ஊர்ச் சூட்டுக்கு முளைக்கவைக்க வேறு எதுவும் தேவையில்லை. மழை நாளில் மட்டும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சில்லென்று ஆகிவிடும், தட்டுக்குக் கீழே ஒரு மணைப்பலகை போட்டேன்.

முளைத்தது சரி. அடுத்த தொல்லை வெளிச்சம். முற்றம் திறந்திருக்கிறதே என்று நம்பினேன். ஆனால் வெயில் உச்சியில் இரண்டு மூன்று மணி நேரம்தான் உள்ளே இறங்குகிறது, தூணுக்குப் பின்னால் எப்போதும் மங்கல்தான். ஒரே வாரத்தில் நாற்றெல்லாம் முற்றத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிறி நின்றது. பயந்துபோய்த் தட்டைத் தூக்கி நேரே மத்தியான வெயிலில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஏழு நாற்றின் இலை வெள்ளையாக வெந்துவிட்டது. நிழலில் வளர்ந்ததை வெயிலுக்குப் பழக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு 20 வாட் எல்இடி பட்டியைக் கயிற்றில் கட்டி, நாற்றின் தலைக்கு அரை அடி மேலே தொங்கவிட்டேன். சாதாரண வெள்ளை விளக்குதான். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரிந்தது. நாற்று வளர வளரக் கயிற்றை ஏற்றினேன். நான்காம் நாளே தண்டு தடித்து இலை கரும்பச்சை கட்டியது. அந்தக் காலையில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தினமும் கையால் மெதுவாக நாற்றின் மேல் தடவிக்கொடுத்தேன், காற்றில் ஆடுவதுபோல அசைந்தால் தண்டு உறுதிப்படும்.

முப்பதாம் நாளிலிருந்து இளவெயில்: முதல் நாள் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளில் அரை நாள். ஐந்தாறு இலை வந்ததும் ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம் தொட்டிக்கு மாற்றினேன். மயிலுக்குப் பயந்து மாடியில் இப்போது மீன்வலை கட்டியிருக்கிறது. மிச்ச நாற்றில் ஆறு ஆர்.எஸ். மங்கலத்துத் தங்கச்சிக்கே போனது. "எங்க நாத்த விட ஒங்க நாத்து தெடமா இருக்கு ஆச்சி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நேற்று மூன்றாவது வரிசையில் ஒரு செடி மொட்டு விட்டிருக்கிறது. அடியில் இலைப்பேன் இருக்கிறதா என்று தினமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.