சாய்ந்ததும் விழுந்ததும்

"ஏம்மா, இதையா சேதம்னு எழுதப் போற?"

அந்தப் பெரியவர் இப்படிக் கேட்டபோது என் கையில் பேனா திறந்திருந்தது. வேளாண்மைத் துறை ஆளாக வரப்பில் நின்று பயிர்ச் சேதப் படிவம் நிரப்பியவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் "ஆமாங்கய்யா" என்றுதான் வாயில் வரும். நானும் அதைத்தான் சொன்னேன். அடுத்து அவர் பேசியதும் நான் பதில் சொன்னதும் மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது. ஆனால் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு என்ற பேச்சு எங்கே வந்தாலும் எனக்கு அந்தப் பத்து வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது.

2023 பிப்ரவரி முதல் வார மழை அது. மேட்டூரை வழக்கமாக மூடுகிற ஜனவரி 28 கடந்து, இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று எல்லோரும் அறுவடை வண்டிக்குச் சொல்லி வைத்திருந்த நேரத்தில், வங்கக்கடல் தாழ்வு மண்டலம் இலங்கையில் கரையேறிவிட்டு நம் பக்கம் கொட்டியது. திருத்துறைப்பூண்டி சுற்றுவட்டாரம் எப்படிக் கிடந்தது என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவருடையது ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர். போட்டிருந்தது சி.ஆர். 1009 சப் 1, வெள்ளம் தாங்கும் மரபணு சேர்த்த நெல் ரகம். வயலின் நடுவில் பெரிய பாய் விரித்த மாதிரி பயிர் படுத்திருந்தது. ஓரங்களில் நின்றது. கணுக்கால் அளவு தண்ணீர். சாய்ந்த கதிரில் மணி இன்னும் முளை கட்டவில்லை.

"எழுபத்தேழுல தீபாவளி முடிஞ்ச கையோட வந்துச்சே, அது சேதம். கூரை ஒண்ணு நிக்கல. மாடு செத்து வாய்க்கால்ல மெதந்துச்சு. அப்ப எவனும் நோட்டு எடுத்துக்கிட்டு வரல. இது சாஞ்சிருக்கு, அவ்வளவுதான். பத்து பர்சன்ட்னு போடு."

அவருக்குப் பின்னால் மருமகள் நின்றார். கண்ணாலேயே 'அவர் பேச்சைக் கேட்காதீங்க' என்றார். கூட்டுறவுக் கடன் மருமகள் கையெழுத்தில்தான் இருந்தது. பட்டா பெரியவர் பெயரில்.

அவர் சொன்ன புயல் 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்தது. ஐந்நூறுக்கும் மேல் உயிர் போனது. வீடிழந்தவர்கள் பத்து லட்சம் பேர் என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1952 நவம்பர் 30. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு 2018 கஜா. ஒவ்வொருவரும் ஒரு புயலை முழக்கோலாகக் கையில் வைத்துக்கொண்டுதான் மழையைப் பார்க்கிறோம். அவருடையது பெரிய கோல். அதை வைத்து அளந்தால் எந்தத் தை மழையும் தூறல்தான்.

நான் வேறு விதமாக வாதாடினேன். வாதாடினேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். "கஜாவுக்கு வாங்கினீங்கள்ல ஐயா?" என்று கேட்டேன். அப்போது தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று கொடுத்தார்கள். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்ததை கிராம நிர்வாக அலுவலர் வரும் வழியில்தான் சொல்லியிருந்தார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. "வாங்கினேன். மரம் விழுந்துச்சு, வாங்கினேன். இது விழல, சாஞ்சிருக்கு" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போது இல்லை என்றால் பரவாயில்லை, இரவில் வீட்டுக்கு வந்து படுத்தபோதும் தோன்றவில்லை. அப்புறம் மெல்ல மெல்லச் சேர்ந்தது, இப்போது வண்டி வண்டியாக இருக்கிறது.

எழுபத்தேழு வந்தது ஐப்பசி கடைசியில். அப்போது சம்பா இளம்பயிர். தண்ணீர் வடிந்தால் கொஞ்சமாவது தேறும், அழுகியதைப் பிடுங்கிவிட்டு மறு நடவு செய்யலாம், இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. தை மழைக்கு அந்தச் சலுகை கிடையாது. மணி முற்றிய பிறகு வருகிற மழைக்குக் காற்றே வேண்டாம், சும்மா நின்று பெய்தாலே போதும். 'வெள்ளம் தாங்கும்னு நீங்கதானே கொடுத்தீங்க' என்று சப் 1 ரகத்தைக் காட்டி அன்று வேறு ஒருவர் கேட்டார். அது தாங்கும், இளம் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் அந்த மரபணுவுக்கு அங்கே வேலையே இல்லை. கஜாவுக்கு இரண்டு வாரம் முன்னால், அதே 2018 நவம்பரில், காஷ்மீரில் முன்கூட்டியே பனி கொட்டி ஆப்பிள் மரங்கள் முறிந்தன. அவர்கள் பார்க்காத பனியா? இலை உதிரும் முன்பு வந்துவிட்டது, இலையில் தங்கிய பனியின் பாரத்தில் கிளை பிளந்தது, அவ்வளவுதான். எவ்வளவு என்பதை விட எப்போது என்பதுதான் சேதம். இதை அன்று வரப்பில் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா? சந்தேகம்தான்.

ஏனென்றால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அறுவாள் காலத்தில் சாய்ந்த பயிர் சேதமே இல்லை. ஆட்கள் இறங்குவார்கள், சாய்ந்த பக்கம் பார்த்து அறுப்பார்கள், வரப்பில் போட்டு, களத்தில் காயவைத்து அடித்து எடுத்துவிடுவார்கள். கூலி கூடும், மணி அவ்வளவாகப் போகாது. இப்போது அறுக்க ஆள் எங்கே? ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். சாய்ந்த பயிரில் அது ஊர்ந்துதான் போகும்; வாடகையோ மணிக்கணக்கு. தரையோடு ஒட்டிய கதிரை விட்டுவிட்டுப் போகும், எடுத்ததிலும் நிறைய உதிரும். அப்படி வந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஈரப்பதம் 17 சதவீதம் என்ற வரம்பு. தளர்வு கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் சாலையோரக் குவியல் சூடேறிவிடும். அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து வேறு தண்ணீரில் அழுகியது. ஆக, அதே மழைதான். ஐம்பது வருடத்துக்கு முன் தொல்லையாக இருந்தது, இன்று சேதமாகிவிட்டது. வானம் பாதிதான் செய்தது, மீதியை நாம் செய்துகொண்டோம். இதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. எழுதினால் என் மேலதிகாரி என்னை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்.

படிவத்தில் இருப்பது ஒரு எண். 33 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நிவாரணம். அந்த வருடம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். 33-க்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை. 2015 வரை இந்த வரம்பு 50 ஆக இருந்தது, அதனால் இது எவ்வளவோ மேல். ஆனால் சாய்ந்த வயலைக் கண்ணால் பார்த்து 30-க்கும் 35-க்கும் வித்தியாசம் சொல்லக்கூடியவர் யாரும் எங்கள் துறையில் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆகவே நாங்கள் எழுதுவது சதவீதமே இல்லை, ஆம் அல்லது இல்லை. நான் ஆம் என்று எழுதினேன். நாற்பது.

அன்றைக்கு வயலில் இருந்ததை மட்டும் எழுத வேண்டும் என்றால் நாற்பது கொஞ்சம் தாராளம். ஆனால் இன்னும் சில நாளில் அந்தக் கதிர் முளை கட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எழுதாமல் பார்த்ததை மட்டும் எழுதுவதற்கு நான் எதற்கு, ஒரு கேமரா போதுமே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிலத்துக்காரரே பத்து என்கிறார், வந்து நிற்கிற நான் நாற்பது என்கிறேன் என்பதும் தெரியாமல் இல்லை. அறுபது வருடம் அதே மண்ணில் நின்றவரை விட எனக்கு என்ன தெரிந்துவிட்டது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அந்த மருமகளின் முகம் தோன்றும். எழுதியது சரி என்றாகிவிடும்.

கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லை, படித்திருக்க முடியாது. "நீ எழுதறத எழுது. நான் சொன்னதையும் எழுது" என்றார்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்கய்யா."

"சரி" என்று போட்டுக்கொடுத்தார்.

குறிப்பு என்று கடைசியில் ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. 'உரிமையாளர் சேதம் குறைவு எனத் தெரிவித்தார்' என்று அதில் எழுதினால் மேலே யாராவது சிவப்பு மையில் சுழித்து, மொத்தத்தையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். எழுதாமல் விட்டது அவர்களுக்கு நல்லதற்குத்தான். இருந்தாலும் கட்டம் இல்லை என்று நான் சொன்னது அவ்வளவு உண்மையான பதில் இல்லை.

சில மாதம் கழித்து மருமகளைத் திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பணம் வந்துவிட்டது, கடனில் கொஞ்சம் கழிந்தது என்றார். பெரியவர் ஏன் அப்படி அடம்பிடித்தார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சேதம்னு எழுதிட்டா அந்த வயல் நெல்லை கொள்முதல்ல எடுக்க மாட்டாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க சார். அதான் பயந்துட்டாரு. இல்லாட்டி காசை வேண்டாம்பாரா?" 'மேடம்' என்பதற்குப் பதில் பழக்கத்தில் 'சார்' என்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

அப்படி விதி எதுவும் இல்லை. அவர் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, எழுபத்தேழைச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற நான் அதை நினைவு, மானம், முழக்கோல் என்று எங்கெங்கோ கொண்டுபோய்விட்டேன். மருமகள் சொன்னதுதான் முழுக் காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நெல் விற்காமல் போய்விடுமே என்ற பயத்தில் இருப்பவர், விழுந்ததற்கு வாங்கலாம் சாய்ந்ததற்கு வாங்கக் கூடாது என்று அவ்வளவு நிதானமாகப் பிரித்துச் சொல்வாரா?

ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று அந்த அம்மாவிடம் கேட்க வாயெடுத்தேன். பட்டுக்கோட்டை வண்டி வந்துவிட்டது. வராவிட்டாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது. பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் எது சரி என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும்.