‘அத்தியாவசியம்’ எண்டால் என்ன?

2022 ஜூலை 5, செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து ரயிலில் வரும்போது பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் ஈமெயில் வந்தது. அத்தியாவசியம் இல்லையென்றால் இலங்கைக்குப் போக வேண்டாமாம். மருந்து, எரிபொருள், சமையல் காஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எங்களுக்கு 26ஆம் திகதி ரிக்கெற். அம்மா, நான், மகள். யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ஊரில் நிற்பதாக ஏற்பாடு.

அம்மாவிடம் சொன்னேன். “சண்டையில செல் விழேக்கை எந்த அரசாங்கம் எங்களுக்கு ஈமெயில் போட்டது?” என்றா.

நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா இன்சுலின் போடுகிறவ.

அன்றிரவு வெளியுறவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தை முழுக்க வாசித்தேன். எது அத்தியாவசியம் என்று அதில் இல்லை. அதை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். போவதற்குத் தடையும் கிடையாது, ஹீத்ரோவில் ஒருத்தரும் மறிக்க மாட்டார்கள். இடிக்கிற இடம் காப்புறுதி. காப்புறுதிக் கம்பனிக்கு அடித்து அரைமணி நேரம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பிள்ளை போனை எடுத்தா.

“அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால்?” என்று கேட்டேன்.

எச்சரிக்கையை மீறிப் போனால் எதற்கும் காசு இல்லையாம். பெற்றோல் வரிசைக்கும் குளியலறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டும் பார்த்தேன். மீறிப் போகிறவர்களுக்கென்றே காப்புறுதி விற்கிற கம்பனிகளும் உண்டு. அம்மாவின் வயதையும் சர்க்கரையையும் சொன்னதும் அவர்கள் சொன்ன விலை ஒரு ரிக்கெற் காசுக்குக் கிட்ட.

9ஆம் திகதி சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் குளத்தில் குதித்ததை ரீவியில் பார்த்தோம். மகளுக்கு அந்தக் குளம் பிடித்துவிட்டது. 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார். நான் ரிக்கெற் எடுத்த இடத்துக்குப் போன் அடித்தேன்.

விமானம் பறக்கிறது, ஆகவே காசு திரும்பாது என்றார்கள். மூன்றாவது அழைப்பில் ஒருமுறை திகதி மாற்ற விட்டார்கள். நிலாவெளி விடுதிக்குக் கட்டிய முற்பணத்தைக் காப்புறுதியில் கேட்டேன். புக் பண்ணிய நாளில் எச்சரிக்கை இருக்கவில்லை, பிறகுதான் வந்தது என்று காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தை அடிக்கடி மாற்றுவார்கள். போன கிழமை இருந்த வரி இந்தக் கிழமை இராது. ஈமெயில் வந்த அன்றே திகதியோடு பிரிண்ட் எடுத்து வைத்தது கைகொடுத்தது (வீட்டில் எனக்குக் ‘கடதாசிக்காரி’ என்று பெயர்). ஆறு கிழமையில், என் பங்கென்று 75 பவுண்ஸ் கழித்து மிச்சம் வந்தது.

ஆகஸ்டில் எச்சரிக்கையைத் தளர்த்தினார்கள். அம்மா நல்லூர்த் தேரை யூடியூப்பில் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

டிசம்பரில் போனோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான்கார அண்ணா, பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் படத்தை போனில் காட்டி, “யாழ்ப்பாணம் போறதுக்குக் காணும் தங்கச்சி, திரும்பி வாறதைப் பிறகு பாப்பம்” என்றார். அம்மா ஏற்கெனவே முன்சீற்றில் ஏறி இருந்துவிட்டா.